புல் ஆடியது, பேத்தி தோற்றாள்

கண் புதிதாகத் தெரிய ஆரம்பித்த கிழவனை வீட்டில் தனியாக விடக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன், குற்றவாளி நானே.

கொல்லிமலைக்கு இயற்பியல் ஆசிரியராக வந்து, ஓய்வு பெற்ற பின்னும் அம்மலையின் திண்ணனூர் நாடு என்னும் ஊர்ப்பகுதியிலேயே தங்கிவிட்டவன் நான். மகள் குடும்பமும் என்னோடுதான். போன வருடம் நாமக்கல்லில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கட்டைப் பிரித்ததும் உலகம் பளிச்சென்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு என் அட்டகாசம் தாங்கவில்லை. மருமகனின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் துடைத்தேன். பக்கத்து வீட்டு டிவியில் கலர் கூட்டினேன் (அவர்கள் கேட்கவில்லை).

அந்தச் சமயம் பேத்தி யாழினி கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தாள். லேப்டாப்பில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுவாள். தோழிகள் நான்கு பேரும் இவளும் ஓர் அணி. அன்று மதியம் அரையிறுதி. ஜெயித்தால் இறுதிப் போட்டிக்குச் சென்னை.

அவள் சாப்பிடப் போனபோது திரையை எட்டிப் பார்த்தேன். ஆபரேஷனுக்கு முந்தைய என் கண்ணே தேவலாம்! சுவர்கள் சாணி மெழுகியது போல இருந்தன. ஆளுக்கு நிழல் இல்லை. செட்டிங்ஸைத் திறந்தால் நிழல் 'லோ', புல் 'லோ', மூடுபனி 'ஆஃப்'. முப்பது வருடம் மதிப்பெண் போட்ட கை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் 'அல்ட்ரா'வுக்கு ஏற்றிவிட்டேன்.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பாள் என்று தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. இன்றும் உறுத்துவது அதுதான்.

ஆட்டம் தொடங்கியதும் லேப்டாப், கொண்டை ஊசி வளைவில் ஏறும் பஸ் மாதிரி உறுமியது. படம் ஓடவில்லை; கல்யாண ஆல்பம் போலப் பக்கம் பக்கமாகப் புரண்டது.

"ஐயோ, விட்டு விட்டு வருதுடி! ஆளு எங்கடி?" என்று ஹெட்செட்டில் தோழிகளிடம் கத்தினாள்.

பின்னால் நின்ற நான், "பாத்தியா கண்ணு, புல்லு எவ்வளவு அழகா ஆடுது!" என்றேன்.

மெதுவாகத் திரும்பினாள். "அப்புச்சி, என்ற செட்டிங்ஸைத் தொட்டீங்களா?"

"கொஞ்சம் தெளிவாக்கி வெச்சேன் சாமி."

"அந்தப் புல்லுக்குள்ள ஒக்காந்துதானுங்க அப்புச்சி என்னையச் சுட்டான்!"

பழைய லேப்டாப்பில் படம் தடங்கலில்லாமல் ஓட வேண்டும், எதிரி ஒளிய இடம் இருக்கக் கூடாது என்று பத்து நாளாக ஒவ்வொன்றாகக் குறைத்துப் பார்த்து அமைத்திருக்கிறாள். அழகைக் கொடுத்து வேகம் வாங்கியிருக்கிறாள். இயற்பியல் வாத்தியாருக்கு அது உறைக்கவில்லை. பதறிப்போய் அவள் பழையபடி குறைப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. சென்னையும் போயிற்று.

அவள் அழுததைப் பார்க்க முடியவில்லை. ஹெட்செட் வயரைப் பிடுங்கிவிட்டு, லேப்டாப்பைப் பார்த்து, "தப்பு என் மேலதாம்மா, மன்னிச்சுக்குங்க" என்று அணியிடம் சொன்னேன். அதிலிருந்து ஒரு பெண் மிக மரியாதையாகக் கேட்டாள்:

"ஏனுங்க தாத்தா, நீங்க எதிர் டீமுங்களா?"

அழுகைக்கு நடுவே யாழினி சிரித்துவிட்டாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

இப்போது மலையில் பனி இறங்கி, பாதை தெரியாமல் நாங்கள் போகும் பஸ் நின்றால் போதும். குடும்பமே என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

"அப்புச்சி, மூடுபனியக் கொஞ்சம் லோவுல வெய்யுங்க," என்பாள் யாழினி. "கண்டக்டர் எறங்கி ரோட்டத் தேடறாரு."