நாலரை அடிக்கு ஒரு பைன்

காலி இடத்தைக் கண்டால் கை துறுதுறுக்கும் இனம் ஒன்று உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பயணப் பெட்டியில் செருப்புக்குள் சீப்பையும், சீப்புக்கு மேல் துண்டையும், துண்டுக்கு மேல் இன்னொரு செருப்பையும் திணித்து, கடைசியில் மூடியின்மேல் மனைவியை உட்கார வைத்துப் பூட்டுவார்கள்.

இடைச்செருகலார் என்று அக்கம்பக்கம் பெயர் வைத்திருந்த நம்மவர் இந்த இனத்தின் திலகம். மலைச்சரிவில் பைன் தோப்பு போட்டபோது, கன்று விற்றவர் ஒன்பதடிக்கு ஒன்று நடச் சொன்னார்.

"ஒன்பதடியா! நடுவுல நான் என்ன மாடா மேய்க்கப் போறேன்?"

நாலரை அடிக்கு ஒன்று நட்டார். அப்புறமும் கொஞ்சம் மண் தெரிந்தது. அதிலும் ஒன்று.

"இதுலேருந்துதான் நம்ம சொந்த வீட்டுக்கு உத்தரம்" என்று மனைவிக்கு வாக்கும் கொடுத்தார். வாடகை வீட்டில் மழைக்கு மழை வாளி வைத்து அலுத்துப்போன அந்த அம்மாள் நம்பினார். பாவம், வேறென்ன செய்வார்?

நெருக்கி நட்டாலும் பைன் உயரத்தில் குறை வைக்காது. வெளிச்சத்துக்கு முண்டியடித்து ஏறிவிடும். பருக்கத்தான் பக்கத்து மரம் விடாது. இடைச்செருகலார் இதைக் கண்டாரா? வருவோர் போவோரையெல்லாம் தோப்புக்குள் இழுத்து, கழுத்துச் சுளுக்க அண்ணாந்து பார்க்க வைத்தார்.

"உயரத்தப் பாத்தீங்களா?"

மர வியாபாரி வந்தார். அவர் அண்ணாந்தே பார்க்கவில்லை. ஒரு மரத்தை இரண்டு கையாலும் பிடித்தார். விரல்கள் தொட்டுக்கொண்டன.

"உத்தரமாங்க? கயிறு கட்டித் துணி காயப்போடலாம். பாதிய வெட்டித் தள்ளுங்க, மிச்சமாவது பருக்கும்."

மரம் வெட்டுபவர் வந்தார். கோடரியை ஓங்கும்போதெல்லாம் தடை. "ஐயய்யோ, அது வேணாம், நல்லா வந்திருக்கு." அடுத்தது? "அது நோஞ்சான், இப்பத்தான் தேறுது." பொழுது சாய்ந்தும் ஒரு மரமும் சாயவில்லை.

"விடுங்க, எனக்கு வீடே வேணாம். ஓட்டைக் கூரைக்குக் கீழயே இருந்துட்டுப் போறேன்" என்றார் மனைவி, குரல் உடைந்து.

இடைச்செருகலாருக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, மனிதர் மனைவிமேல் உயிரையே வைத்திருப்பவர். மறுநாள் தானே கோடரி எடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு மரத்தைச் சாய்த்தார்.

மாலைக்குள் அந்த அடிக்கட்டையின் பக்கத்தில் புதுக் கன்று ஒன்று நின்றது.

"சும்மாதானே கெடக்கு இடம்!"

அம்மாள் உள்ளே போய் வாளியைத் தேடினார்.

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், பள்ளி விட்டதும் கணக்கு, கணக்கு விட்டதும் நீச்சல், நீச்சல் விட்டதும் கீபோர்டு என்று ஓடுகிற உங்கள் மகளுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் வீணாகப் போகிறதே என்று நேற்று யாரிடமோ அங்கலாய்த்தது யார்?