அல்பனி தெரியாத மாப்பிள்ளை

“நியூயோர்க் மாநிலத்துக்குத் தலைநகரம் எது தம்பி?”

பெண் பார்க்க வந்திருந்த திலக்ஷன் அப்போதுதான் உளுந்து வடையைக் கடித்திருந்தான். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் பக்கத்திலிருந்த அம்மாவைப் பார்த்தான்.

“நியூயோர்க்தானுங்க.”

டீமேக்கர் பழனியாண்டி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை முழுக்க அவர் பொறுப்பில் இருக்கிறது. அரைத்த தூளை மோந்து பார்த்தே குற்றம் சொல்லுகிறவர். இப்போதும் மூக்கு அப்படித்தான் விடைத்திருந்தது.

“அல்பனி,” என்றார். “ஆறு வருஷமா நியூயோர்க்ல இருக்கீங்கன்னு தரகர் சொன்னாரு. அல்பனி தெரியல.”

“நான் வேர்ஹவுஸ்ல நைட் ஷிப்ட்டுங்க. பகல்ல தூங்குவேன்.”

“தூங்குறவனுக்குத் தலைநகரம் தெரியக்கூடாதா?”

கதவோரம் நின்ற மீனம்மா புருஷனை முறைத்தாள். “மாப்பிள்ள பாக்குறீங்களா, வாத்தியார் வேலைக்கு ஆள் எடுக்குறீங்களா?”

“நீ பேசாம இரு. ஏமாந்தது போதும்.”

ஏமாந்தது அவரில்லை, அவருடைய தங்கச்சி குடும்பம். போன வருஷம் அந்த வீட்டுக்கு ஒரு கனடா மாப்பிள்ளை வந்தான். வெயிலிலும் குளிர்க் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அவனுடைய கனடா இங்கேயே வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் என்றும், அங்கே அவன் அறை கூட்டுகிறான் என்றும். எங்கே இருக்கிறாய், என்ன வேலை, எந்த வீதி என்று எல்லோரும் மாறி மாறிக் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் அவன் பதிலைத் தயார் பண்ணிக்கொண்டு வந்திருந்தான்.

அன்றைக்கே பழனியாண்டி ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். தன் மகளைப் பார்க்க வருகிறவனிடம் எங்கே இருக்கிறாய் என்று மறந்தும் கேட்கக் கூடாது. அமெரிக்காவைப் பற்றித்தான் கேட்க வேண்டும். அங்கே இருந்தவன் சொல்லுவான், இல்லாதவன் முழிப்பான். இதைவிடப் பெரிய மூளை இந்த மலையில் வேறு எவனுக்கு இருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயம். அமெரிக்க மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றதும் அவர்தான், வருகிற அமெரிக்காக்காரனை எல்லாம் திருடனைப் போலப் பார்த்ததும் அவர்தான்.

அவருடைய இங்கிலீஷ் தொழிற்சாலை ரிப்போர்ட்டோடு நின்றுவிட்டபடியால், போனில் தேடிக் கேள்வி எடுத்துக் கொடுக்கிற வேலை மகள் சுலக்ஷனாவுடையது. ஹட்டனில் காப்புறுதிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறவள். களைத்து வந்தாலும் முகம் சுளிக்காமல் அப்பாவுக்கு அமெரிக்கா சொல்லிக் கொடுப்பாள்.

திலக்ஷன் பர்ஸைத் திறந்து அமெரிக்க லைசன்ஸை எடுத்து நீட்டினான்.

“இதெல்லாம் ஹட்டன்லயே அடிச்சுக் குடுப்பான்,” என்று பழனியாண்டி அதைத் தொடவே இல்லை.

“சரிங்க, என்கூட வேல செய்ற வெள்ளைக்காரன் ஒருத்தன் இப்ப ஷிப்ட்ல இருப்பான். அவனையே கேளுங்க.”

வீடியோவில் ஒரு சிவந்த தாடிக்காரன் தோன்றினான். பின்னால் பெட்டிகள் மலை மாதிரி அடுக்கியிருந்தன. பழனியாண்டி போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, இருக்கிற இங்கிலீஷை எல்லாம் திரட்டி, ரீனோ, லொஸ் ஏஞ்சலிஸ் இரண்டில் எது மேற்கே இருக்கிறது என்று கேட்டார்.

“லொஸ் ஏஞ்சலிஸ்!” என்று சிரித்தான் அவன்.

“பிழை! ரீனோதான் மேற்கு!” பழனியாண்டி போனைக் கவிழ்த்து வைத்தார். “வெள்ளைக்காரனும் டுப்ளிகேட். எங்கடா புடிச்ச அவன?”

திலக்ஷனின் அம்மா எழுந்துவிட்டாள். “எந்திரிடா. பொண்ணு கேட்டு வந்தா பரீட்ச வைக்கிறாங்க. இந்த வூட்டுல கட்டுனா காலையில பல்லு வெளக்குறதுக்கும் கேள்வி கேப்பாரு.”

அவர்கள் போன பிறகு சுலக்ஷனா மெதுவாகச் சொன்னாள். “பாவம்ப்பா. அடுத்த ஆளுக்குக் கொஞ்சம் லேசா கேப்போமா?”

“லேசாவா? இன்னும் கஷ்டமா எடு. கள்ளன்கள் கூடிப்போச்சு.”

அடுத்து வந்தவன் பிரதாப், டெக்ஸாஸ். மூடுபனி வாசலை மறைத்துக்கொண்டு நிற்கிற நேரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து, படியில் தடுக்கி, செருப்புகளின் மேல் விழுந்தான். பழனியாண்டிக்கு அதுவே பாதிச் சாட்சி.

“டெக்ஸாஸ் ஒரு காலத்துல தனி நாடா இருந்திச்சா, இல்லையா?”

பிரதாப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். “நான் போன பொறகு இல்லைங்க.”

“நீங்க போறதுக்கு முன்னால கேக்குறேன்.”

“அப்ப நான் இங்க இருந்தேனே அங்கிள்.”

“பத்து வருஷம் கிட்ட தனி நாடா கெடந்த ஊரு தம்பி அது! பொறகுதான் அமெரிக்காவோட சேந்திச்சு. ஒங்க ஊரு சரித்திரம் ஒங்களுக்குத் தெரியாது, டிக்கோயால இருக்கிற எனக்குத் தெரியும்!”

“அப்ப நீங்களே போயிருங்க அங்கிள்,” என்றான் பிரதாப். கேசரியைத் தொடாமலே எழுந்து போனான்.

அதோடு பெயர் கெட்டது. டீமேக்கர் வீட்டுக்குப் பெண் பார்க்கப் போகிறதென்றால் அட்லஸைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்று பஸ்ஸில் பேசிச் சிரித்தார்கள். தொழிற்சாலையிலும் விடவில்லை. கொழுந்து நிறுக்க வந்த பொம்பளைகள், “ஐயா, கலிபோர்னியாவுல இன்னைக்கி மழையா?” என்று கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். கெட்டதைச் சரிக்கட்ட, பழனியாண்டி கோயில் திருவிழாவில் மைக்கைப் பிடித்து விளக்கம் சொன்னார். ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அலாஸ்காவை வாங்கிய கதைக்கு அவர் வந்தபோது யாரோ மேளக்காரருக்குச் சைகை காட்டினார்கள். மேளம் அவரை மூடிவிட்டது.

தரகர் செல்லசாமி வாசலுக்கு வெளியிலேயே நின்று பேசினார். “இனிமே அமெரிக்காவுல உள்ளவன் எவனும் ஒங்க படி ஏற மாட்டான், டீமேக்கரய்யா. நானும்தான்.”

மீனம்மா அழுதாள். “இருவத்தெட்டு வயசு முடியப் போவுது புள்ளைக்கு. ஒங்க மேப்பு பைத்தியத்துல அவ வாழ்க்க போச்சு. நாளைக்கி அவ தனியா நிப்பா, நீங்க அல்பனியக் கட்டிக்கிட்டு அழுங்க!”

சுலக்ஷனா தட்டைக் கழுவப் போய்விட்டாள். மகளின் முதுகைப் பார்த்தபோது பழனியாண்டிக்கே உள்ளுக்குள் கொஞ்சம் கலங்கியது. ஆனாலும் சட்டம் சட்டம்தான்.

கொஞ்ச நாளில் செல்லசாமியே திரும்பி வந்தார். முகம் அவ்வளவு தெளிவாக இல்லை.

“ஒரு பையன் இருக்காரு. பேரு கிஷாந்த். அமெரிக்காவப் பத்தி ஒங்களுக்குப் பிடிச்ச கேள்வி எதையும் கேக்கலாமாம். சொல்லுவாராம்.”

“எந்த எடத்துல…” என்று மீனம்மா வாயெடுத்தாள்.

“கேக்காத!” என்று அதட்டினார் பழனியாண்டி. “எடத்தக் கேட்டுத்தான் என் தங்கச்சி வூடு நாசமாப் போச்சு.”

கிஷாந்த் சாதாரணச் சட்டையில், தன் அத்தை அழகம்மாவோடு வந்தான். கோட்டு இல்லை, கண்ணாடி இல்லை. உள்ளே வரும்போது செருப்பை ஒழுங்காக ஓரமாக வைத்தான். சொத்து உள்ளவன்தான் இப்படி அடக்கமாக வருவான் என்று பழனியாண்டி மனதுக்குள் குறித்துக்கொண்டார். சுலக்ஷனா தேத்தண்ணியை நீட்டிவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் உள்ளே போனாள். நல்ல பிள்ளை.

“அலாஸ்காத் தலைநகரத்துக்கு எந்த ரோட்டுல போவணும் தம்பி?”

“ஜூனோவுக்கா? வெளிய இருந்து ரோடே கெடையாதுங்க மாமா. ப்ளேன், இல்லாட்டிக் கப்பல்.”

‘மாமா’ என்ற வார்த்தையை அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் மீசை அசைந்தது.

“ஒரேகன்ல இருக்கிற போர்ட்லண்ட் நகரத்துக்கு அந்தப் பேரு எப்படி வந்திச்சு?”

“ரெண்டு பேரு சண்டைங்க. ஒருத்தரு பொஸ்டன்னு வைக்கணும்னாரு, ஒருத்தரு போர்ட்லண்ட்னு வைக்கணும்னாரு. காசச் சுண்டிப் பாத்தாங்க. போர்ட்லண்ட்காரரு ஜெயிச்சிட்டாரு.”

“ரீனோ?”

“லொஸ் ஏஞ்சலிசுக்கும் மேற்குங்க. யாரும் நம்ப மாட்டாங்க, மேப்பப் பாத்தாத்தான் நம்புவாங்க.”

“நியூயோர்க்…”

“அல்பனி.”

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. பழனியாண்டி எழுந்து அவனைக் கட்டிப்பிடித்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“பாத்தியா மீனம்மா? மண்ண மிதிச்சவன் வாயில இருந்துதான் இப்படி வரும்! ஒரு எடத்துலயாவது தடுமாறுனாரா?”

“எல்லாம் சரிங்க, ஒரு வார்த்த விசாரிச்சு…”

“விசாரிக்கிறதா? இவ்வளவு நேரம் என்னா பண்ணேன்?”

இந்தப் பொக்கிஷத்தையும் வேறு எவனாவது கொத்திக்கொண்டு போய்விடுவானோ என்று அவருக்குப் பயம். அன்றைக்கே தட்டு மாற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் எல்லாம் கடையிலிருந்து ஓடி வந்தன. மீனம்மா கோழி அடித்தாள். தோட்டத்துப் பெரிய கிளாக்கர், மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கு, பக்கத்துக் குவாட்டஸ்காரர்கள் எல்லோரையும் ஆளனுப்பிக் கூப்பிட்டார். போன மாதம் தன்னைப் பார்த்துச் சிரித்தவர்களைத்தான் முதலில் கூப்பிட்டார்.

மோதிரம் மாற்றினார்கள். சுலக்ஷனா முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள். வெட்கம் என்று எல்லோரும் ரசித்தார்கள்.

“என்னா சொன்னீங்க?” பழனியாண்டி பெரிய கிளாக்கரின் முகத்துக்கு நேரே குனிந்தார். “மேப்பு பைத்தியம்னீங்க. மேளத்த அடிச்சு அமுக்குனீங்க. இப்பப் பாருங்க என் மருமகன! அசல் சரக்கு. கேள்வி கேக்கத் தெரிஞ்சவனுக்குத்தான்யா மாப்பிள்ள கெடைப்பான். ஒங்களுக்கெல்லாம் கோட்டும் கண்ணாடியும் காட்டுனாப் போதும், பல்ல இளிச்சுக்கிட்டு பொண்ணக் குடுத்திருவீங்க.”

பெரிய கிளாக்கர் கோழிக்காலைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார். வேறு என்ன செய்வது, சாப்பாடு பழனியாண்டியுடையது.

பந்தி நடுவில் பழனியாண்டி, சோறு பிசைந்துகொண்டிருந்த அழகம்மாவுக்குத் தானே குழம்பு ஊற்றினார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று குரலை நன்றாக உயர்த்தினார்.

“அப்ப சம்மந்தி, கல்யாணம் முடிஞ்ச கையோட புள்ளைங்க ரெண்டும் எப்ப அமெரிக்காவுக்கு ப்ளேன் ஏறுறாங்க?”

அழகம்மா கையைச் சோற்றிலேயே நிறுத்தினாள்.

“அமெரிக்காவா? எங்க கிஷாந்துக்கு பாஸ்போட்டே கெடையாதுங்களே சம்மந்தி, அவன் இங்க பக்கத்துல கினிகத்தேனைல போன் கடையில்ல வச்சிருக்கான். ஒங்க மகதான் ‘இதெல்லாம் பாடமாக்கிட்டு வந்தா அப்பா வேற ஒண்ணுமே கேக்க மாட்டாரு’ன்னு ஒரு மாசமா போன்ல ஒப்பிக்க வச்சிச்சு!”