குங்குமம் வைத்த ஃப்ளாப்பி

தி. நகர்,
18.10.1997

அன்புள்ள தம்பி ஏகாம்பரத்துக்கு, அண்ணி ஜெயலக்ஷ்மி அநேக ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தையல் மிஷின்களும் சுகம். கம்ப்யூட்டர் மட்டும் சுகமில்லை. பம்பாயில் நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் உன் ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் சுகமாக இருக்கக் கபாலீஸ்வரரை வேண்டிக்கொள்கிறேன்.

உன் அண்ணன் போன பிறகு அண்ணியால் கடையை நடத்த முடியுமா, இல்லை பக்கத்து பேன்சி ஸ்டோர்காரருக்கே விட்டுவிடலாமா, ஒருத்தரைச் சோதனைக்கு அனுப்புகிறேன், அவர் ரிப்போர்ட்படி செய்வோம் என்று எழுதியிருந்தாயே, அந்த ஸ்ரீனிவாசராகவன் சார் செவ்வாய்க்கிழமை மயிலாப்பூரிலிருந்து வந்தார். நல்ல மனிதர். நீ அனுப்பிய கம்ப்யூட்டரில் உன் அண்ணன் வாடிக்கைப் பெண்களின் ரவிக்கை அளவையெல்லாம் ஏற்றி வைத்திருந்தார் அல்லவா, அதை எவனாவது பூட்டிவிட்டுப் பணம் கேட்டால் கடை தாங்குமா என்பதுதான் சோதனையாம். இப்படியுமா சார் திருடன் இருக்கான் என்றேன். "இனிமே இப்படித்தாம்மா வருவான்" என்றார்.

"வெளி ஃப்ளாப்பி எதையாவது இதுக்குள்ள போட விடறேளா?" என்றார். "செருப்பையே வாசல்லதான் சார் விடச் சொல்றோம்" என்றேன். எழுதிக்கொண்டார். "நாளைக்கே இது படுத்துடுத்துன்னா, கடை எப்போ எழுந்துக்கும்?" என்றார். "எங்க வீட்டுக்காரர் படுத்து எழுந்துக்கவே இல்ல சார். காரியம் முடிஞ்ச மறுநாளே கடை தெறந்தோம்" என்றேன். அவர் பேனா நின்றுவிட்டது. அதையும் எழுதிக்கோங்க சார் என்றேன்.

அப்புறம்தான் தம்பி, செருப்பை ஒழுங்காக வாசலில் கழற்றிவிட்டு வந்த மனிதர் சட்டைப் பையிலிருந்து ஒரு ஃப்ளாப்பியை எடுத்தார். ஊரில் இருக்கிற கம்பெனிக்கெல்லாம் போய்ச் சோதித்த ஃப்ளாப்பியாம். உள்ளே போட்டார். கம்ப்யூட்டர் கரகர என்று இழுத்தது, திரை கறுத்தது, சிவப்பாக இங்கிலீஷ் எழுத்து வந்தது. சார் முகமும் அதே நிறத்துக்கு வந்தது. "எல்லாத்தையும் பூட்டிட்டான். ஏதோ வெளிநாட்டுத் தபால் பெட்டிக்குப் பணம் அனுப்பினா சாவி அனுப்புவானாம்" என்றார். நம் கட்டிங் மாஸ்டர் மெஹபூப் பாஷா பாய் கத்திரியோடு எட்டிப் பார்த்தார்.

"ஆளே வராம மிரட்டறானா? பாதி வெலைக்குக் கேட்டுப் பாரு சார்."

"இவன்கிட்டல்லாம் பேரம் பேச முடியாது ஓய்."

"பேரம் பேசாதவன் இன்னா வியாபாரி? ரங்கநாதன் தெருவுல இவன் ஒரு நாள் கட போட முடியுமா?"

சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "அளவெல்லாம் வேற ஃப்ளாப்பில எடுத்து வெச்சிருப்பேளே, அதைக் குடுங்கோ, ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்" என்றார். நானும் தைரியமாகப் பீரோவைத் திறந்தேன். "மிஷினே போனாலும் போகட்டும் ஜெயா, இந்த ஃப்ளாப்பி இருந்தா கடை இருக்கும்" என்று உன் அண்ணன் சொல்லிச் சொல்லி வைத்த டப்பா. சார் திறந்ததும், "கோயில் வாசனை வர்றதே" என்றார்.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் ஆயுத பூஜை. இந்த வருஷம் நமக்குப் பண்டிகை இல்லை என்றாலும் மிஷினுக்கு உண்டு என்று கடையாட்கள் கேட்டார்கள். எப்போதும் உன் அண்ணன்தான் பொட்டு வைப்பார். நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் மாடி வீட்டு அம்மா, "நீ வைக்கலாமாடி?" என்று கேட்டுவிட்டாள். கையை இழுத்துக்கொண்டு பாஷா பாயைக் கூப்பிட்டேன். "நானா அண்ணி?" என்றார். அவருக்கப்புறம் கடைக்கு மூத்தவர் நீங்கதான், வைங்க என்றேன். பாவம், மனிதர் மிஷின், கத்திரி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் அழகாக வைத்தார். ஃப்ளாப்பியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பி, "அண்ணி, இதுக்கு நெத்தி எங்க கீது?" என்றார். நான்தான் அதன் ஓரத்து இரும்புத் தகட்டைத் தள்ளிக் காட்டினேன். உள்ளே கறுப்பாக வழவழ என்று இருந்தது. இதான் என்றேன். உன் அண்ணனுக்கு உயிரான பொருள் ஆயிற்றே என்று சந்தனத்தையும் குங்குமத்தையும் தாராளமாக வைக்கச் சொன்னேன். டப்பாவில் இருந்த ஒரு ஃப்ளாப்பியைக்கூட விடவில்லை. ஆகையால் பாஷா பாயைக் குறை சொல்லாதே.

சார் அதைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து, "அளவெல்லாம் அந்தக் கறுப்புலதாம்மா இருந்தது, இனி ஒண்ணும் தேறாது" என்றார்.  அந்தக் கம்ப்யூட்டரில் முதல் பெயர் என் பெயர்தான் தம்பி. வேலை செய்கிறதா என்று பார்க்க உன் அண்ணன் என் அளவைத்தான் முதலில் ஏற்றினார். எப்போது திறந்தாலும் நான்தான் மேலே வருவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, உனக்கு மட்டும்.

ஆனால் அழ ஏது நேரம், தீபாவளித் துணி கூரை வரை குவிந்து கிடக்கிறது. வாடிக்கைப் பெண்கள் அத்தனை பேருக்கும் சொல்லி அனுப்பினேன். மறுநாள் மாம்பலம் ஸ்டேஷன் மாதிரி கூட்டம். திரைக்குப் பின்னால் நான் அளந்து சத்தமாகச் சொல்ல வேண்டும், யாராவது எழுத வேண்டும். பாஷா பாய் வெட்டுகிற வேலையில் இருந்தார். "என்னாலதானே ஆச்சு, நானே எழுதறேன்" என்று சார் வந்து நின்றார். பெண்களெல்லாம் "ஆம்பளை எதிர்ல நம்பரைச் சொல்லுவேளா!" என்று பிடித்துக்கொண்டார்கள். சரியென்று சாரைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தோம். பெரிய கம்பெனிகளைச் சோதிக்கிற மனிதர் சாயங்காலம் வரை சுவரைப் பார்த்தபடியே எழுதினார். பெசன்ட் நகர் நீரஜா மாமி மட்டும், "பழைய அளவையே போட்டுடேன்" என்றாள். அது பூட்டிப்போச்சு மாமி என்றேன். "அப்போ நான் சொல்றேன் எழுதிக்கோ, முப்பத்திரண்டு" என்றாள். டேப் சொன்னதை நான் சொல்லமாட்டேன், அது தொழில் தர்மம்.

சார் போகும்போது ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டினார். வருமுன் காப்பதில் நமக்குப் பூஜ்யம், வந்தபின் எழுந்திருப்பதில் முதல் வகுப்பாம். இப்படி ஒரே நாளில் எழுந்த கம்பெனியை அவர் பார்த்ததே இல்லையாம். பூட்டு எந்த ஃப்ளாப்பி வழியாக வந்தது என்று மட்டும் அதில் இல்லை. யாரிடமும் வாய் திறக்கமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனவே கடையை யாருக்கும் விடாதே. காலையில் இந்தக் கதவைத் திறக்காவிட்டால் எனக்கு எழுந்திருக்கவே தோன்றாது தம்பி. உன் மனைவியை விசாரித்ததாகச் சொல்லு. நமக்குத்தான் இந்த வருஷம் தீபாவளி இல்லை. குழந்தைகளுக்கு மட்டும் தெரியாமல் கொஞ்சம் ஸ்வீட் வாங்கிக் கொடு, உன் அண்ணன் கோபிக்கமாட்டார். எல்லோரும் நோய்நொடி, வைரஸ் எதுவும் அண்டாமல் நன்றாக இருங்கள்.

இப்படிக்கு,
அண்ணி ஜெயலக்ஷ்மி

பின் குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது பாஷா பாய் வந்து நிற்கிறார். "அண்ணி, வெட்டித் தெச்சு முடிச்சிட்டோம். அளவெல்லாம் கரீக்டா கீது. எது யாருதுன்னுதான் தெர்ல" என்கிறார். அளவு நோட்டை வாங்கிப் பார்த்தேன். காதில் விழுந்த நம்பரையெல்லாம் சார் முத்து முத்தாக எழுதியிருக்கிறார். ஒரு பெயர்கூட இல்லை. நானும் சொல்லவில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் திரும்பிக் கேட்கவும் இல்லை. கடை நிறைய ரவிக்கை தொங்குகிறது, ஒன்றுக்கும் சொந்தக்காரி கிடையாது. வாசலில் நீரஜா மாமி செருப்பைக் கழற்றுகிறாள். ஆகையால் தம்பி, மேலே எழுதியது எதையும் நம்பாதே. சாரின் ரிப்போர்ட் நேற்றே ஸ்பீடு போஸ்டில் கிளம்பிவிட்டது, அதை மட்டும் நம்பு. கடிதம் கண்டதுமே பேன்சி ஸ்டோர்காரருக்கு, கடையை விட முடியாது என்று தந்தி அடித்துவிடு, இங்கே விஷயம் தெரு முழுக்கத் தெரிவதற்குள்.