முகட்டுக்கு அந்தப் பக்கம்

மழை விட்டு முப்பத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அதற்குள் பழமலை கூரைக் கணக்கை மூன்று முறை போட்டுவிட்டார்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் களிமண் கலவைக்கு எடை போடுபவர் அவர். அவர் கலந்த மண்ணில் ஒரு கோப்பைகூட வெடித்ததில்லை என்று கம்பெனியில் பெருமையாகச் சொல்வார்கள். ஷிஃப்ட் முடிந்து வந்தவர் கூடத்தில் தேங்கியிருந்த தண்ணீரைப் பார்த்தார். பிறகு மேலே பார்த்தார்.

"மொத்தமா மாத்திடணும்."

"ஒரு ஓடுதாங்க ஒடைஞ்சிருக்கும்" என்றாள் மனைவி தங்கம்மாள். "மாமாகிட்ட பெரிய ஏணி இருக்குது. கேட்டு வாங்கி ஏறிப் பாருங்களேன்."

"அந்தாளு ஏணி எனக்கெதுக்கு? ஒரு ஓடு போச்சின்னா மத்ததுக்கும் அதே வயசுதான?"

அந்தாள் என்பது அண்ணன் சுப்புராயன். ஒரே ஓட்டு வீடு. முகட்டுக்கு நேர் கீழே ஒரு சுவர். இந்தச் சரிவு தம்பிக்கு, அந்தச் சரிவு அண்ணனுக்கு. பாகம் பிரித்தபோது மோட்டார் ரூமுக்காக நின்ற பேச்சு, ஆறு வருடமாக நின்றபடியே இருந்தது. வரும் தை மாதம் சுப்புராயன் மகள் கயல்விழிக்குக் கல்யாணம்.

"சித்தப்பா இல்லாம அந்தப் பொண்ணு எப்படிங்க மணையில ஒக்காரும்?"

"நான் கூரையப் பத்தி பேசிட்டிருக்கேன்."

முதல் கணக்கில் முந்நூற்று நாற்பது ஓடு வந்தது. தங்கம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"தரைய அளந்து கூரைக்கு ஓடு வாங்கறீங்களே, கூரை சாஞ்சில்ல இருக்குது?"

அவர் சுவரில் பென்சிலால் ஒரு முக்கோணம் போட்டார். முந்நூற்றுத் தொண்ணூறு. தாழ்வாரத்தில் நீண்டிருப்பதையும் சேர்த்ததும் நானூற்று நாற்பது. அதன்மேல் பன்னிரண்டு சதவீதம் கூட்டினார்.

"அது எதுக்குங்க?"

"சூளையில சுருங்குமில்ல."

"கடைக்காரன் சுட்ட ஓடதான விப்பான்?"

பழமலை பன்னிரண்டை அடித்தார். "ஒடையறதுக்கு அஞ்சு போட்டுக்கலாம்" என்றார் கௌரவம் குறையாமல். நானூற்று அறுபத்திரண்டு.

தாழ்வாரத்திலிருந்து ஓர் ஓட்டை உருவிக்கொண்டு கடைக்குப் போனார். அந்த அச்சில் இப்போது ஓடு வருவதில்லையாம். புது ஓடு இரண்டு விரற்கடை குட்டை, அதற்கேற்ப அகலம் கூட; எண்ணிக்கை மாறாது, கனம் கம்மி. ஓடு உட்காரும் ரீப்பர் கட்டைகளையெல்லாம் பிடுங்கி நெருக்கி அடிக்க வேண்டும். அதற்கும் கணக்குப் போட்டார்.

பிறகுதான் முகடு நினைவுக்கு வந்தது. முகட்டு ஓடு இரண்டு பக்கமும் கால் ஊன்றி உட்கார வேண்டும். இந்தப் பக்கம் புதுசு, அந்தப் பக்கம் பழசு என்றால் ஒரு கால் தூக்கி நிற்கும். அண்ணன் பக்கத்தில் மேல் வரிசையை மட்டும் மாற்றினால்? அது கீழே இருக்கும் பழைய வரிசையோடு பூட்டிக்கொள்ளாது. அப்போது அதையும் மாற்ற வேண்டும். அதற்கும் கீழ் வரிசை?

கணக்கு வரிசை வரிசையாக அந்தச் சரிவில் இறங்கிப் போய் அண்ணன் வாசலில் நின்றது.

பழமலை பென்சிலைக் காதில் செருகினார். பிறகு, "தங்கம், அண்ணிகிட்ட கேளு. அந்தப் பக்கம் சரிவு எத்தினி அடின்னு."

அவள் சுவரோரம் போய்க் கத்தினாள். "அக்கா! ஒங்க பக்கத்துச் சரிவு எத்தினி அடின்னு கேக்கறாங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து ஆண் குரல் வந்தது. "யாரு கேக்கறதுன்னு கேளு!"

"கூரை கேக்குது!" என்று பழமலையே கத்திவிட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் சுப்புராயன் செருமினார்.

"எங்கூட்லயும்தான்டா ஒழுவுது. அளந்துதான் வச்சிருக்கேன். இரு, வரேன்."

சுப்புராயன் ரயில்வேயில் ஃபிட்டர். ஏணி, இரும்பு டேப், கடப்பாரை, புதுசாக வாங்கிய செல்போன் எல்லாவற்றோடும் வந்தார்.

"ஒடையறதுக்கு எவ்ளோடா போட்ட?"

"அஞ்சு."

"பத்து போடு. நீ ஏத்தி எறக்கறதுக்குள்ளயே அஞ்சு போயிடும்."

"ஆமா, ஒங்க ரயிலெல்லாம் தடம் பொரளாமதான் ஓடுது."

சுப்புராயன் சிரித்துவிட்டார். அவர் மனைவி ஆதிலட்சுமி டீ கொண்டுவந்தாள். இன்னொரு தரமும் கொண்டுவந்தாள். பழமலை தாளில் போட்டதைச் சுப்புராயன் செல்போனில் தட்டிச் சரிபார்த்தார். உடைசலுக்குத் தம்பியின் அஞ்சையே வைத்து, இரண்டு பக்கமும் சேர்த்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலு. ஓர் ஓடுகூட வித்தியாசமில்லை.

"அப்படியே வந்துடுச்சிடா!" என்றார் அண்ணன். தம்பியை அவர் பெருமையாகப் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. "தை மாசம் பந்தலுக்கும் நீதான் கணக்குப் போடற."

"போட்டுட்டாப் போச்சி" என்றார் பழமலை.

தங்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாயங்காலம் மினி லாரி சொல்லிடறேன்" என்றபடி சுப்புராயன் கடப்பாரையோடு ஏணியில் ஏறினார். "இப்பவே முகட்டப் பிரிச்சிப் போடுவோம். ஏணியப் புடிடா."

தங்கம்மாளின் முகம் மாறியது.

"அக்கா…"

"நீ சொல்லு."

"நீங்கதான் பெரியவங்க."

கடப்பாரை முகட்டு ஓட்டின் அடியில் நுழைந்தது. ஆதிலட்சுமி டீ டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தாள்.

"தம்பி, மொதல்ல அவர எறங்கச் சொல்லுங்க! ரெண்டு வூட்லயும் கூரை ஒழுவவே இல்ல, தண்ணிய ஊத்துனது நாங்கதான்!"