அன்னைக்கே சொன்னனுங்க

கோப்பை வந்த பிறகு முளைக்கும் ஓர் இனம் உண்டு. 'அன்னைக்கே சொன்னவர்' என்று அதற்குப் பெயர். எல்லா ஊரிலும் இருக்கிறார். துடியலூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் அவர் பெயர் திருமலைசாமி. வணிகவியல் பேராசிரியர், கூடவே விளையாட்டுக் குழுத் தலைவர்.

ஜூலையில் கல்லூரியின் கால்பந்து அணி, கல்லூரிகளுக்கு இடையிலான கோப்பையின் லீக் சுற்றில் முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் வாங்கித் தோற்றது. மறுநாள் ஆசிரியர் அறையில் தேநீரை ஆற்றிக்கொண்டே, முகத்தில் துக்கமும் குரலில் மெல்லிய திருப்தியுமாக அவர் சொன்னார்: "நான் அன்னைக்கே சொன்னனுங்க, இந்தப் புள்ளைங்களுக்கு இது ஆகாதுன்னு."

அன்னைக்கு என்றால் என்றைக்கு? யாரும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இந்த இனமே பிழைக்கிறது.

பயிற்சியாளர் வெள்ளியங்கிரி, பயிற்சிக்கு மைதானம் கேட்டார். தலைவர் அதைப் பட்டமளிப்பு விழாவுக்குக் கார் நிறுத்த ஒதுக்கினார். ஆட்டத்துக்குப் போன நாட்களுக்கு வருகைப்பதிவு கேட்டு அணித்தலைவி ரம்ஷா ஒரு விண்ணப்பம் கொண்டுவந்தாள். அதை முழுதாகப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தார்.

"பந்து உதைச்சா பரீட்சை எழுத உட்ருவாங்களா அம்மணி?"

"அட்டெண்டன்ஸ் குறைஞ்சா உட மாட்டாங்கன்னுதானுங்க சார் கேக்கறேன்."

"அப்ப ஆடாதே."

ரம்ஷா ஆடினாள். காலை ஐந்தரைக்குப் பயிற்சி, எட்டரைக்கு மண் ஒட்டிய காலோடு முதல் பெஞ்சு. அடுத்த மூன்று ஆட்டமும் வெற்றி. காலிறுதி முடிந்ததும் தலைவர் அவளைத் தாழ்வாரத்தில் நிறுத்தி ஸ்கோர் விசாரித்தார். ஈரோட்டில் அரையிறுதி வென்ற அன்று அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு பந்து தோன்றியது. கூடைப்பந்து.

இறுதி ஆட்டம் பெனால்டிக்குப் போனது. கோல்கீப்பர் கயல்விழிக்கு வலது சுண்டுவிரல் முதல் பாதியிலேயே வீங்கிவிட்டது. மாற்றிவிடலாமா என்று வெள்ளியங்கிரி கேட்டார்.

"இன்னொரு கை இருக்குதுங்க சார்."

எதிரணியின் ஐந்தாவது உதை வலப்பக்கமே வந்தது. வீங்கிய கையாலேயே தட்டிவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பரிசளிப்புக்குச் சரியாக நேரம் பார்த்து வந்திறங்கிய திருமலைசாமி, கோப்பையின் ஒரு காதைப் பிடித்தார், மறு காதையும் பிடித்தார், நடுவில் நின்றார். புகைப்படக்காரர் தள்ளி நிற்கச் சொன்னது கயல்விழியை.

மறுநாள் பாராட்டு விழாவில் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆரம்பித்தார்: "நான் அன்னைக்கே சொன்னனுங்க, இந்தப் புள்ளைங்க ஜெயிக்கும்னு."

கைதட்டல் அடங்குவதற்குள் ரம்ஷா மேடையேறி, கல்லூரி முதல்வர் பார்த்துக்கொண்டிருக்க, பழைய விண்ணப்பத்தையும் ஒரு பேனாவையும் நீட்டினாள்.

"அன்னைக்குச் சொன்னத எழுத்துல குடுத்துருங்க சார்."

அவருக்கு வேறு வழியில்லை. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். ரம்ஷா பரீட்சை எழுதினாள். கையெழுத்துக்குக் கீழே அவர் போட்டிருந்த தேதி, முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. அந்தக் கோப்பைப் படத்தை 'நம்மூருப் புள்ளைங்க' என்று சொந்தக்காரர் குழுவில் அனுப்பியவர்களில் நீங்களும் உண்டுதானே? ஓர் ஆட்டமாவது பார்த்தீர்களா? புதிய பருவம் சனிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்குகிறது. வாருங்கள். உட்கார இடத்துக்குப் பஞ்சமே இருக்காது.