எட்டடிப் பாதையில் ஒரு பிரதேச சபை

கணக்குப் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. கடதாசியில் விடை சரியாக வந்துவிட்டால், வெளியில் உள்ள மதில், மரம், மாடு எல்லாம் அந்த விடைக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நிற்கும் என்று நம்புவோம். எனக்கு அந்த வருத்தம் நன்றாக முற்றியிருந்தது. அது மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், முரசுமோட்டையில், எங்கள் அப்பாவின் உழவு இயந்திரத்தின் மேல். வைத்தியம் பார்த்தது எங்கள் பிரதேச சபை.

அப்பாவிடம் வயலைத் தவிர சொந்தமாக உறுதி எழுதிய அரை ஏக்கர் காணி இருந்தது. வீதிப் பக்கம் அறுபத்தாறடி அகலம், பின்பக்கமாக முந்நூற்று முப்பதடி நீளம். (காணி என்று சொல்வதை விட ஓட்டப்பந்தயப் பாதை என்று சொல்லலாம்.) நடுவில் எங்கள் வீடு. ஒருநாள் அப்பா சோற்றைப் பிசைந்தபடியே பாகப்பிரிவினையை முடித்துவிட்டார்.

"மூண்டாப் பிரிப்பம். முன்துண்டு மூத்தவளுக்கு. வீட்டுத் துண்டு நானும் அம்மாவும் இருக்குமட்டும் எங்களுக்கு. பின்துண்டு மேகலாவுக்கு."

மூத்தவள் நான். மேகலா என் ஒரே தங்கச்சி. அப்போது அவள் நான்கு மாதக் கர்ப்பம். புருசனோடு கிளிநொச்சி டவுனில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். பின்துண்டில் வீடு கட்ட வங்கி கடன் தரத் தயார். ஆனால் சபை அங்கீகரித்த பிரிவிடல் வரைபடம் கையில் இருந்தால்தான் தரும். அவளுடைய வீடு முழுக்க அந்த ஒரு கடதாசியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"வரைபட வேலையை என்னட்டை விடுங்கோ" என்றேன் நான். எல்லோரும் விட்டார்கள். அதுதான் அவர்கள் செய்த பிழை.

என் முன்துண்டில் நான் ஒரு ரியூசன் மண்டபம் கட்டக் கனவு கண்டுகொண்டிருந்தேன். பிள்ளைகள் இருக்கிற வாங்கு, மேசை, நடக்க இடம், கரும்பலகை என்று அங்குலக் கணக்கில் எல்லாம் போட்டாயிற்று. மேகலாவின் துண்டுக்குப் போகும் பாதை என் துண்டின் ஓரத்தால்தான் போக வேண்டும். பாதையை ஓரடி கூட்டினால் என் வாங்கில் ஒரு பிள்ளை குறையும். ஆகவே பாதைக்கு எட்டடி கொடுத்தேன். ஏன் எட்டடி? எங்கள் ஊரில் லான்ட்மாஸ்டர் என்று ஒரு சாமான் இருக்கிறது. இரண்டு சில்லு உழவு இயந்திரத்துக்குப் பின்னால் பெட்டியைக் கொழுவிவிட்டால் நெல்லும் போகும், கோயிலுக்குச் சனமும் போகும், கலியாணத்துக்கு மாப்பிள்ளையும் போவார். லான்ட்மாஸ்டர் போகிற பாதையால் போக முடியாத ஒன்று இந்த உலகத்தில் இருக்கும் என்று வன்னியில் பிறந்த எவருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

வரைபடம் கீறிய நில அளவையாளர் "ரீச்சர், பாதைக்கு எட்டடி காணாது" என்று இரண்டு தரம் சொன்னார். "நீங்கள் கீறுங்கோ" என்று நான் மூன்று தரம் சொன்னேன். பாவம், கீறினார். அதோடு, குடியிருப்புக் காணியான என் முன்துண்டை வர்த்தகப் பாவனைக்கு மாற்றித் தரும்படியும் ஒரு விண்ணப்பம் எழுதி, இரண்டையும் ஒன்றாகச் சபையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சபையைப் பற்றி எனக்கு அப்போது நல்ல அபிப்பிராயம் இருக்கவில்லை. விண்ணப்பக் கோவை அலுமாரிக்குள் போகும், அலுமாரியைக் கறையான் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். ஆனால் இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. ரியூசன் மண்டபத்துக்கு ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம் என்று எங்கள் வேலியில் ஓர் அறிவித்தலும் தொங்கியது. கடிதத்தில் போட்டிருந்த நாளில், போட்டிருந்த நேரத்துக்கு, திட்டமிடல் குழு எங்கள் படலை வாசலில் நின்றது. அம்மாவின் உழுந்து வடை இன்னும் எண்ணெய்க்குள்ளேயே போகவில்லை. அரசாங்க அலுவலில் அவ்வளவு நேரம் தவறாமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெள்ளை வேட்டியில் சபைத் தலைவரான தவிசாளர் வந்தார். கூட இரண்டு உறுப்பினர்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் கௌரி மிஸ் அளவு நாடாவோடு வந்தா. சபையின் வாகனத்தை ஓட்டி வந்த ராசன் அண்ணை வீதியோரம் வேப்பமர நிழலில் நின்றுகொண்டார்.

கௌரி மிஸ் முகப்பை அளந்தா, கிணற்றை அளந்தா, மழைத்தண்ணி எந்தப் பக்கம் ஓடும் என்று அப்பாவிடம் கேட்டு எழுதினா. பிறகு எல்லோரும் எட்டடிப் பாதையால் வரிசையாக நடந்து மேகலாவின் துண்டுக்குப் போனோம். அங்கே மேகலாவின் புருசன் வீடு வரப்போகிற இடத்தில் கட்டையடித்துக் கயிறும் கட்டி வைத்திருந்தான்.

"இந்தப் பின்துண்டு ஆற்ர?" என்று கேட்டா மிஸ்.

"என்ர, மிஸ்" என்றாள் மேகலா.

"பாதை உங்களுக்குச் சரியோ?"

"அக்கா கணக்குப் பாத்தவா. சரியாத்தான் இருக்கும்."

மிஸ் என் பக்கம் திரும்பினா. "வீடு கட்ட மண்ணும் கல்லும் எப்பிடி வரும், ரீச்சர்?"

"லான்ட்மாஸ்டரிலை."

"பெரிய உழவு மிசின் வராதோ?"

"ஏன் வராது? வடிவா வரும்."

"வந்து?"

"வந்து மண்ணைக் கீழை பறிக்கும்."

"பறிச்சுப்போட்டு?"

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். வகுப்பில் பிள்ளைகளை இப்படித்தான் படிப்படியாகப் பொறிக்குள் இறக்குவேன். என்னை ஒருத்தர் இறக்கும்போது எனக்கு விளங்கவில்லை.

"திரும்பிப் போகும்" என்றேன்.

"எதிலை திரும்பும்? இந்தக் கயிறு கட்டின இடம் முழுக்க வீடு வந்திடுமே."

"திரும்பத் தேவையில்லை, மிஸ். ரிவேசிலை போகும்."

"இருநூறு அடிக்கு மேலை?"

"போகும்! பொறுங்கோ, இப்பவே ஓட்டிக் காட்டிறன்."

அப்பாவின் நான்கு சில்லு உழவு இயந்திரம் பெட்டியோடு படலையடியில் நின்றது. "பிள்ளை, நான் ஓட்டிறன்" என்று அப்பா பின்னால் ஓடி வந்தார். "நீங்கள் பேசாமல் நில்லுங்கோ அப்பா" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினேன். (நான் அந்த இயந்திரத்தை வயலுக்குள் ஓட்டியிருக்கிறேன். முன்னுக்கு மட்டும். அதுவும் வைக்கோலோடு, இடிபட ஒன்றும் இல்லாத இடத்தில்.)

உள்ளே போனதைப் பற்றிக் குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஓரடி மிச்சம் விட்டு, ராணி மாதிரிப் போய்க் கயிற்றுக்கு முன்னால் நிறுத்தினேன். குழு முழுவதும் மேகலாவின் துண்டில் நின்று பார்த்தது. நான் ஒரு சிரிப்பும் சிரித்தேன். பிறகு ரிவேஸைப் போட்டேன்.

பெட்டி கொழுவிய உழவு இயந்திரத்துக்குப் பின்னுக்குப் போகும்போது தனிக் குணம் வந்துவிடும். நான் ஸ்டியரிங்கை வலப்பக்கம் வெட்டினேன். பெட்டி இடப்பக்கம் போய்ப் பக்கத்து வீட்டுச் சிவகாமி அக்காவின் தகர வேலியில் சாய்ந்தது. "ஐயோ, ஆர் உது?" என்று வேலிக்கு அப்பால் ஒரு குரல். பதறிப்போய் மற்றப் பக்கம் வெட்டினேன். பெட்டி வேலியை விட்டுவிட்டு அம்மா வடை சுட்டுக்கொண்டிருந்த குசினிச் சுவரில் போய் மோதியது. உள்ளே ஏதோ விழுந்து உருளும் சத்தம் கேட்டது. இனி முன்னுக்கு எடுப்போம் என்று எடுத்தேன். இயந்திரத்தின் மூக்கு வேலித் தூணில், பெட்டியின் வால் குசினிச் சுவரில். பாதைக்குக் குறுக்கே பூட்டுப் போட்டது போல் எல்லாம் இறுகி நின்றது. முன்னுக்கும் இல்லை, பின்னுக்கும் இல்லை.

பிறகுதான் அடுத்த விசயம் விளங்கியது. குழு பின்துண்டில் நின்றது. அவர்கள் வெளியே வர இருந்த ஒரே பாதையை நான் அடைத்துவிட்டேன். வீட்டின் மற்றப் பக்கத்தில் நெல் மூடை அடுக்கிய கொட்டில் வேலியோடு ஒட்டி நின்றது. எங்கள் பிரதேச சபையின் திட்டமிடல் குழுவை, விண்ணப்பதாரரான நானே சிறை பிடித்துவிட்டேன்!

தவிசாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பதினொரு மணிக்கு எனக்கு வட்டக்கச்சியிலை ஒரு கூட்டம் இருக்கு" என்று மெல்லச் சொன்னார். வெள்ளை வேட்டியோடு உழவு இயந்திரத்தில் ஏறிக் குதிக்க அவரால் முடியாது. மிச்சம் இருந்தது ஒரு வழிதான். குசினிப் பின்கதவு.

அம்மா முகத்தில் மாவோடு, வடை அகப்பையோடு நின்றா. கதவைத் திறந்தால் முன்னால் தவிசாளர்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, நாங்கள் இதுக்குள்ளாலை போகலாமோ?"

"ஐயோ, வாங்கோ வாங்கோ, செருப்போடையே வாங்கோ!"

அவர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதை நான் மறக்கமாட்டேன். தங்களை அடைத்து வைத்தவளுடைய வீட்டுக் குசினிக்குள்ளும் மரியாதை தவறாத மனிதர்கள் அவர்கள். அம்மா பழக்க தோசத்தில் வந்தவர்களின் முன்னால் ஒவ்வொரு வடையாக நீட்டினா. கௌரி மிஸ் மட்டும் நின்று சொன்னா. "பரிசோதனைக்கு வந்த இடத்திலை நாங்கள் ஒண்டும் சாப்பிடுறேல்லை அம்மா. குறை நினையாதேங்கோ. தண்ணி தாங்கோ." உறுப்பினர்களில் ஒருவர் வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன வடையை அப்படியே தட்டில் திருப்பி வைத்தார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ராசன் அண்ணை வந்து சுற்றிப் பார்த்தார். பெட்டியைக் கொழுவியிருந்த ஊசியைக் கழற்றி, இயந்திரத்தைத் தனியே எடுத்து, பெட்டியை நாலு பேரோடு தள்ளி நிமிர்த்தினார். பத்து நிமிட வேலை. "தங்கச்சி, பெட்டியை வலப்பக்கம் போகச் சொன்னா அது இடப்பக்கம்தான் போகும். எனக்கு வீட்டிலை மூண்டு பொடியள், அதாலை பழக்கம்" என்றார்.

நான் வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கௌரி மிஸ் வரைபடத்தை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தா. ஏச்சு விழப்போகிறது என்று தயாரானேன்.

"உங்கட துண்டிலை ஒவ்வொரு அங்குலமும் கணக்குப் பாத்திருக்கிறியள், ரீச்சர். உண்மையா நல்ல வேலை" என்றா. "தங்கச்சீன்ர துண்டுக்கும் அதே கண்ணாலை ஒருக்காப் பாருங்கோ. அம்புலன்ஸ் ஒண்டு உள்ளை வந்தா மட்டும் காணாது. ஆளை ஏத்திக்கொண்டு கெதியா வெளியிலை போகோணும்."

அவ்வளவுதான். வரைபடத்தை என் கையில் தந்துவிட்டுப் போய் வாகனத்தில் ஏறினா.

மேகலா வாசற்படியில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு இருந்தாள்.

"நீ ஏனடி ஒண்டும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீ கணக்கு ரீச்சர். நான் என்னத்தைச் சொல்ல?"

உழவு இயந்திரத்தில் இறுகி நின்றபோது வராத வெட்கம் அப்போது வந்தது. என் வாங்கில் இருக்கப்போகிற, இன்னும் ஊர் பேர் தெரியாத பிள்ளைக்கு ஓரடி பார்த்திருக்கிறேன். அவளுடைய வயிற்றில் இருந்த பிள்ளைக்குப் பார்க்கவில்லை. அவள் என்னை நம்பியதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த கிழமை புதிய வரைபடம் கொடுத்தேன். பாதை பதினைந்தடி, குசினி இடைஞ்சல் செய்யாதபடி நெல் கொட்டிலைக் கழற்றி வீட்டின் மற்றப் பக்கத்தால். முடிவில் வாகனம் திரும்ப முப்பதடி வட்டம். வட்டத்துக்குப் போன நிலத்தை ஈடு செய்ய எல்லைகளை முன்னுக்கு நகர்த்தி, என் துண்டில் இருந்து எடுத்துக்கொடுத்தேன். நில அளவையாளர் ஒரு கேள்வியும் கேட்காமல் கீறினார்.

ரியூசன் மண்டபத்துக்குப் பக்கத்துக் காணிக்காரரின் சம்மதம் வேண்டும் என்றது சபை. பக்கத்துக் காணிக்காரர் யார்? தகர வேலி நசுங்கிய சிவகாமி அக்கா! அப்பா புதுத் தகரம் அடித்துக் கொடுத்த பிறகு அவா சபைக்கு வந்து சொன்னா. "ரியூசன் வைக்கட்டும். பிள்ளையள் படிக்கிறது நல்லதுதானே. ஆனா ரீச்சர் உழவு மிசின் ஓட்டக்கூடாது எண்டு அதிலை ஒரு வரி எழுதுங்கோ."

மாதக் கூட்டத்தில் பொதுமக்கள் இருக்கையில் நானும் மேகலாவும் இருந்தோம். கௌரி மிஸ்ஸின் அறிக்கையைச் செயலாளர் வாசித்தார். "முதல் வரைபடத்தில் வாகனம் திரும்ப இடமில்லை என்பது விண்ணப்பதாரரின் செயல்விளக்கத்தினால் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டது. குழு சமையலறையூடாக வெளியேறியது." சபை சிரித்து அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஆனால் சிரித்த அதே ஆட்கள், சைக்கிள்களை மண்டபக் காணிக்குள்ளேயே நிறுத்த வேண்டும், வட்டத்தில் ஒன்றும் நிறுத்தக்கூடாது, பொழுதுபடச் சத்தம் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கதைத்து, இரண்டு விண்ணப்பத்தையும் நிறைவேற்றினார்கள். தெரிந்தவன், தெரியாதவன் என்ற பேச்சே அங்கே வரவில்லை. அரை ஏக்கர் காணிக்கு அவ்வளவு நேரம் மினக்கெட்ட அந்தச் சபையை எனக்குக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது.

மேகலாவின் வீடு எழும்பியது. என் மண்டபத்தில் எட்டுப் பிள்ளைகள் குறைவு: பாதைக்கு ஏழு, வட்டத்துக்கு ஒன்று. இரண்டு வருசம் கழித்து, கார்த்திகை மாதத்து ஒரு மத்தியானம், மழை ஊற்றிக்கொண்டிருக்கும்போது மேகலாவுக்கு இரண்டாவது பிள்ளைக்கு நோவு எடுத்தது. அம்புலன்ஸ் பாதையால் உள்ளே வந்தது. அவளை ஏற்றியது. வட்டத்தில் ஒரே வெட்டாகத் திரும்பி, தண்ணியை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டு வெளியே போனது. மேகலாவின் மூத்தவளைத் தூக்கிக்கொண்டு குடையோடு நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது. தாயும் பிள்ளையும் சுகமாகத் திரும்பி வந்தார்கள்.

அந்த மூத்தவளுக்கு இப்போது ஏழு வயது. குசினிக் கதை அவளுக்கு மனப்பாடம். வீட்டில் நான் எந்தத் திட்டத்தோடு கிளம்பினாலும் எல்லோரும் அவளைத்தான் பார்ப்பார்கள். போன மாதம் எங்கள் பள்ளிக்கூட அதிபரோடு எனக்கு ஒரு கொழுவல். இடமாற்றம் கேட்டு, மூன்று பக்கத்தில் சூடாக ஒரு கடிதம் எழுதி, எல்லோரையும் இருத்தி வைத்து வாசித்துக் காட்டினேன். அப்பாவும் மேகலாவும் மூத்தவளைப் பார்த்தார்கள். அவள் பிஸ்கற்றைத் தேத்தண்ணிக்குள் தோய்த்தபடி கேட்டாள்.

"பெரியம்மா, இதிலை திரும்பிற இடம் எங்கை?"

கடிதத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.