இருபத்து நான்கு டன் முதலாளி

முதலில் மன்னிப்பு. என் கையெழுத்தை மருந்துக்கடையில் நீட்டினால் இரண்டு வேளைக்கு மாத்திரை கொடுத்துவிடுவார்கள். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். என் படிப்பு ராயபுரத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. எந்த இடத்தில் சின்ன ‘ர’, எந்த இடத்தில் பெரிய ‘ற’ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்தான். (உங்கள் வீட்டுக்காரருக்குச் சந்தேகமே இல்லாத விஷயம் எது என்று என் மனைவி ஸ்டெல்லாவைக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அப்டி ஒண்ணும் இல்லியே” என்பாள்.)

சந்தேகம் என் குணம் என்கிறார்கள். தப்பு. அது என் தொழில். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற சாலையில், லாரிகளுக்கு எடை போடும் மேடையில் எனக்கு வேலை. காலி வண்டிக்கு ஓர் எடை, சரக்கு ஏற்றிய பிறகு ஓர் எடை. கழித்தால் சரக்கின் எடை. கணக்கு இவ்வளவுதான். ஆனால் காலி வண்டியை நிறுத்தும்போது ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே விடுவான் ஒருத்தன். சரக்கோடு வரும்போது இரண்டு கிளீனர்களைத் தார்ப்பாய்க்கு அடியில் படுக்க வைத்துக் கொண்டுவருவான் இன்னொருத்தன். அதனால் நான் ஒவ்வொரு லாரியையும் சுற்றி வருவேன், குனிந்து அடியில் பார்ப்பேன். பிறகு, “கிளீனர கீழ எறக்கு!” என்று கத்துவேன். கூச்ச சுபாவக்காரனான நான் வாழ்க்கையில் சத்தமாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான். கல்யாணத்தன்று கோயிலில் “சம்மதம்” என்று நான் சொன்னதைச் சாமியார் மூன்று தடவை கேட்டு வாங்கினார்.

இரண்டாயிரம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று பயமுறுத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அடுத்த வருஷம் ஒரு கம்ப்யூட்டர் எங்கள் எடை மேடைக்கே வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவன் ஸ்டெல்லாவின் தம்பி ஆரோக்கியராஜ். பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் செய்து கொடுக்கிற கடையில் வேலை. பளபளவென்று ஒரு சி.டி. தட்டை எடுத்து உள்ளே போட்டான்.

“இது இன்னும் கடைக்கே வரல மாமா. கம்ப்யூட்டர ஓட்டுறதே இதான். டெஸ்ட் பண்ணிப் பாக்கச் சொல்லி கம்பெனிக்காரன் வுட்டுகீறான்.”

“கடைக்கே வராதது உன் கைக்கு எப்டிடா வந்துச்சி?”

“சும்மா குடுக்குறான் மாமா.”

“எவன்டா சும்மா குடுப்பான்? எலெக்‌ஷன்கூட முடிஞ்சி பூட்சே.”

“நாம ஓட்டிப் பாக்கணும். எங்கனா தப்பு நடந்தா உடனே ரிப்போர்ட்டு பூடும். அவ்ளோதான்.”

அவன் சொன்னதில் ‘சும்மா’ மட்டும் பக்கத்தில் நின்றிருந்த மேடை முதலாளி காதில் விழுந்தது. ‘தப்பு’, ‘ரிப்போர்ட்டு’ இரண்டும் என் காதில் விழுந்தன.

முதலாளி நல்ல மனுஷன், நல்ல கனமான மனுஷன். டாக்டர் அப்போதுதான் அவரை வெறும் கஞ்சிப் பத்தியத்தில் போட்டிருந்தார். அந்தக் கடுப்போ என்னவோ, என்னைக் கூப்பிட்டு, “சூச, ஒரு வாரம் பாப்பேன். உனக்கு இது ஒத்து வரலன்னா மாத்தூர்ல ஒரு பையன் கீறான், கம்ப்யூட்டர் படிச்சவன், அவன ஒக்கார வெச்சிடுவேன். கோச்சிக்காத” என்றார். கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டேன். ஐந்தாம் வகுப்புக்கு இந்த உலகம் போட்டுவைத்திருந்த ஒரே நாற்காலி அது.

மேஜை சின்னது. சிவப்பு எண் எரிகிற பழைய எடைப்பெட்டியைச் சுவரோரம் தள்ளி, அதற்கு முன்னால் கம்ப்யூட்டர் திரையை வைத்தான் ஆரோக்கியராஜ். பெட்டியிலிருந்து எடை கம்ப்யூட்டருக்கு வரும், நான் திரையைப் பார்த்துச் சீட்டு எழுத வேண்டும். பிரிண்டர் இந்த டெஸ்ட் சரக்கோடு சேர மாட்டேன் என்றது. டெலிபோனிலிருந்தும் ஒரு கம்பியை இழுத்துக் கம்ப்யூட்டரின் முதுகில் சொருகினான். உடனே மீன் மார்க்கெட்டில் பூனை வாலை மிதித்தாற்போல் ஒரு கீச்சுச் சத்தம். “யார் கூடடா பேசுது?” என்றேன். “கம்பெனி கூட மாமா” என்றான். எந்தக் கம்பெனி என்று நான் கேட்கவில்லை. முதலாளியின் ஆபீஸையும் நாங்கள் கம்பெனி என்றுதான் சொல்வோம்.

மறுநாளே திரை நீலமாகி, ஒரு தடவை செத்துப் பிழைத்தது. பிழைத்ததும் ஒரு சின்னக் கட்டம் வந்தது, அடியில் இரண்டு பட்டன். எனக்கு இங்கிலீஷ் வராது. சீட்டு வாங்க நின்றிருந்த டிரைவர் ஏழுமலை எட்டிப் பார்த்தார்.

“இன்னா சொல்லுதுபா?”

“சாரி சொல்லுதுண்ணே. தப்பு நடந்து பூட்சாம். ரிப்போர்ட் அனுப்பட்டுமான்னு கேக்குது.”

“யாரு தப்பாம்?”

“நீதான ஒக்காந்துகினு கீற?”

என் மேஜைமேலேயே உட்கார்ந்துகொண்டு என்னையே கோள் சொல்லுகிற பெட்டி! மரியாதைக்கு ‘சாரி’ வேறு. “அனுப்பாதன்றது எந்த பட்டன்?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றிலிருந்து அது எத்தனை தடவை செத்துப் பிழைத்ததோ, அத்தனை தடவையும் அந்த ஒரே பட்டன். கட்டம் வரும் முன்பே என் விரல் அங்கே போய்க் காத்திருக்கும். சாயங்காலம் வந்து, “எப்டி மாமா ஓடுது?” என்று கேட்ட ஆரோக்கியராஜிடம், “தங்கமா ஓடுது” என்றேன்.

ஆனாலும் நிம்மதி இல்லை. நான் சீட்டு எழுதுகிற நேரத்தில் திடீரென்று தானாகவே பூனைச் சத்தம் போட ஆரம்பித்தது. நான் வேண்டாம் என்றதை எனக்குத் தெரியாமல் அனுப்புகிறதோ? முதலாளி கொடுத்த ஒரு வாரத்தின் கடைசி நாள் காலையில், லாரி ஒன்று மேடைமேல் நின்றிருந்தபோதே பொறுக்க முடியாமல் டெலிபோன் கம்பியைப் பிடுங்கினேன். சத்தம் சட்டென்று அடங்கியது. கட்டமும் வரவில்லை, நீலமும் வரவில்லை. திரையில் எண் மட்டும் பவ்யமாக நின்றது: இருபத்து நான்கு டன், முந்நூற்று எண்பது கிலோ. ‘அப்படி வா வழிக்கு’ என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டேன்.

அடுத்து வந்த லாரியும் இருபத்து நான்கு டன், முந்நூற்று எண்பது கிலோ.

சரி, ஒரே குடோன் சரக்காக இருக்கும். அதற்கடுத்ததும் அதே எடை. அதற்கடுத்தது ஏழுமலையின் லாரி. அதுவும் அதே எடை. ஆனால் அது காலி வண்டி.

எனக்குப் புரிந்துவிட்டது. (புரிந்துவிட்டது என்று நினைத்ததுதான் அன்றைய விபத்து.) புது ஆள் வரப்போகிறான் என்று தெரிந்து டிரைவர்கள் எல்லோரும் கூட்டுச் சேர்ந்து எனக்குத் தண்ணி காட்டுகிறார்கள்! தார்ப்பாயை அவிழ்க்கச் சொன்னேன். சீட்டுக்கு அடியில் பார்த்தேன். தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்தேன். சட்டையெல்லாம் கிரீஸாக, ஏழுமலையின் லாரிக்கு அடியில் மல்லாந்து ஊர்ந்துபோய் வெளியே வந்தேன்.

“இன்னாண்ணே தேடுற? சொன்னா நாங்களும் தேடுவோம்ல?”

“பத்து டன்னுக்கு மேல எங்கியோ ஒளிச்சி வெச்சிகீற. மரியாதையா எடுத்துடு.”

“பத்து டன்ன எங்கண்ணே ஒளிக்கிறது? இடுப்புலயா?”

பின்னால் லாரிகள் சாலைவரை நின்று ஹாரன் அடித்தன. யாரோ எதிர் டீக்கடையிலிருந்து முதலாளிக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் எங்கள் டெலிபோனுக்கு அடித்துப் பார்த்திருக்கிறார், கம்பியைத்தான் நான் பிடுங்கிப் போட்டிருந்தேனே, எங்கே கிடைக்கும்? ஆரோக்கியராஜையும் ஏற்றிக்கொண்டு, தன் அம்பாசடர் காரில் நேராகக் கிளம்பி வந்துவிட்டார். ஏழுமலை தன் லாரியை முன்னால் நகர்த்தினார். லாரிகளுக்கு நடுவே வேறு வழி இல்லாததால், காரை எடை மேடைமேலேயே ஏற்றி நிறுத்தினார்.

நான் திரையைப் பார்த்தேன். இருபத்து நான்கு டன், முந்நூற்று எண்பது கிலோ.

முதலாளியுமா!

யோசித்திருக்க வேண்டும். யோசிப்பதற்குள் வாய் பழக்க தோஷத்தில் கத்திவிட்டது: “கிளீனர கீழ எறக்கு!”

முன் சீட்டிலிருந்து ஆரோக்கியராஜ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு இறங்கினான். என் கால்கள் காரைச் சுற்றி ஓடின. கைகள் டிக்கியைத் திறந்தன. உள்ளே சாக்குப் பைக்குள் ஒரு பெரிய பிரியாணிப் பொட்டலம், சூடாக, எண்ணெய் கசிந்துகொண்டு.

“இன்னாடா பண்ற?” என்றார் முதலாளி.

“வெய்ட்டு ஜாஸ்தி காட்டுது மொதலாளி.”

“எவ்ளோடா காட்டுது?”

“இருபத்தி நாலு டன்னு.”

“டேய், டாக்டரே நூத்தி நாலு கிலோன்னுதான்டா சொன்னாரு!”

லாரி டிரைவர்கள் சிரித்த சிரிப்பு கத்திவாக்கம்வரை கேட்டிருக்கும். ஏழுமலை ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார், அது தனியாக ஹாரன் அடித்தது.

ஆரோக்கியராஜ் உள்ளே போய்த் திரையைப் பார்த்தான். “மாமா, இப்ப மணி இன்னா?” “பன்னண்டு இருக்கும்.” “இதுல ஒம்போதே காலுக்கு நின்னுகினு கீது. கம்ப்யூட்டரு காலைலயே செத்துப் பூட்சி மாமா.” திரையை அப்படியே நகர்த்தினான். பின்னால் பழைய பெட்டி, சிவப்பு எண் எரிய, காரின் சரியான எடையைக் காட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஒவ்வொரு லாரிக்கும் அது சரியாகத்தான் காட்டியிருக்கிறது. எல்லா லாரிக்கும் அடியில் பார்த்த நான், கம்ப்யூட்டருக்குப் பின்னால் பார்க்கவில்லை.

மாத்தூர் பையன் வந்துவிட்டான் என்றே நினைத்தேன். தலை குனிந்து நின்றேன். முதலாளி என் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தினார்.

“சூச, டிக்கில பாத்தத எங்கூட்டு அம்மாக்கு ரிப்போர்ட்டு அனுப்பிடாத.”

“அனுப்ப மாட்டேன் மொதலாளி.” (அதில்தான் எனக்கு ஒரு வாரமாக நல்ல பழக்கமாயிற்றே.)

“நீயே இருந்துக்கோ. அந்தப் பெட்டிய இவன் தூக்கினு போவட்டும்.”

தூக்கிக்கொண்டு போகும்போது ஆரோக்கியராஜ் கண் கலங்கிவிட்டான். “ஒரு தபா அனுப்பி இருந்தா போதும் மாமா. இன்னா தப்புன்னு பாத்து சரி பண்ணி இருப்பான். டெஸ்டே அதுக்குத்தான். எல்லாத்தயும் அமுக்கிட்டியே!” கொஞ்ச நாளில் அந்தச் சரக்கு உலகம் முழுக்கக் கடைக்கு வந்தது. அன்றிலிருந்து எந்த ஊரில் எந்தக் கம்ப்யூட்டர் நின்றாலும் எங்கள் வீட்டில் குற்றவாளி ஒருத்தன்தான்.

நேற்று பேங்குக்குப் போயிருந்தோம். “சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சு, உக்காருங்க” என்றார் கவுண்டரில் இருந்தவர். வரிசையில் எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஸ்டெல்லா கணீரென்று, “அவரத் திட்டாதீங்க, பாவம். தோ, மூலையில ஒண்ணுந் தெரியாத மாதிரி நிக்குதே, அந்த ஆளக் கேளுங்க” என்றாள். அத்தனை தலையும் திரும்பின. எங்கள் மகள் என் காதில், “ரிப்போர்ட் அனுப்பட்டுமாப்பா?” என்றாள்.

இந்த முறை ரிப்போர்ட்டை நானே அனுப்புகிறேன். திரை நின்றது. எண் நகரவில்லை. தப்பு என்னுடையது இல்லை, பெட்டியுடையது. சந்தேகம் இருந்தால் ஏழுமலையைக் கேட்கவும்.

எழுதியது: மார்ச் பத்தொன்பது, என் பேர்கொண்ட சூசையப்பர் திருநாள்.